நர்சிங் சீட்டை யாருக்குக் கொடுப்பது? மார்க், நுழைவுத் தேர்வு, நேர்காணல்: ஒரு ஒப்பீடு

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், எங்கள் கல்லூரியில் சின்னத் தகராறு. நிர்வாக ஒதுக்கீட்டில் 20 பி.எஸ்சி. நர்சிங் இடங்கள், விண்ணப்பம் 120. மார்க் வரிசையில் மேலேயிருந்து 20 பேரைக் கூப்பிட்டு முடித்துவிடலாம் என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். தனியாக ஒரு தேர்வு வைக்கலாம் என்றது இன்னொரு கட்சி. "ஐந்து நிமிஷம் பேசினால் போதும், எனக்குத் தெரிந்துவிடும்" என்றார் மூத்த பேராசிரியை ஒருவர். வார்டிலும் வகுப்பிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டு ஓய்வில் இருந்த என்னையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். அன்று வாய்வார்த்தையாகச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வேறு கல்லூரிக்காரர்களுக்கு உதவலாம்.

முதலில் நான் திருப்பிக் கேட்டது: நல்ல மாணவி என்று யாரைச் சொல்கிறீர்கள்? அரியர் இல்லாமல் எட்டு செமஸ்டரையும் முடிப்பவளா? பாதியில் விட்டுவிட்டுப் போகாதவளா? ராத்திரி ரெண்டு மணிக்கு, முணுமுணுக்காமல் பெட்பேன் எடுத்து வைப்பவளா? மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் கொடுத்துவைத்தோம். பெரும்பாலும் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் முன்கூட்டிச் சொல்ல வேறு வேறு கருவி வேண்டும். எந்தத் தேர்வு முறை நல்லது என்ற சண்டையில் பாதி, இதைப் பிரித்துப் பார்க்காததால் வருவது.

பிளஸ் டூ மார்க்

அரசு கவுன்சலிங் முழுக்க இதை நம்பித்தான் நடக்கிறது. தகுதிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 சதவீதம் (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40), ஆங்கிலத்தில் தேர்ச்சி, 17 வயது. அதற்கு மேல் யார் முன்னால் என்பதைக் கட்-ஆஃப் சொல்லிவிடும். செலவில்லை, தாமதமில்லை. எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து போன் வந்தாலும் பட்டியலைக் காட்டிவிட்டு நகரலாம். நம் ஊரில் இது சின்ன லாபம் இல்லை. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று 2006-ல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம் தமிழ்நாடு. கோச்சிங் சென்டர் பக்கமே போக முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஒரு முடிவால் உள்ளே வந்தார்கள்.

மார்க்கால் ஒன்றும் தெரியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் வருட அனாட்டமி, பிசியாலஜி மார்க்கை ஓரளவுக்கு முன்கூட்டிச் சொல்வது பிளஸ் டூ உயிரியல் மார்க்தான். அப்புறம் ஏன் வகுப்புக்குள் பார்த்தால் 560 எடுத்தவளும் 520 எடுத்தவளும் ஒன்றுபோலவே தெரிகிறார்கள்?

எங்கள் வீட்டில் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போடுவார்கள். முட்டை மிதக்கிற அளவு உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும். அதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை மட்டும் அலசி விதைப்பார்கள். மூழ்கிய நெல்லில் இரண்டு மணியை எடுத்து, எது கனமோ அதுதான் நன்றாக முளைக்கும் என்று பந்தயம் கட்டிப் பாருங்கள், தோற்றுவிடுவீர்கள். அதற்காக உப்புத் தண்ணீர் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியுமா? அது தன் வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது. கட்-ஆஃப் மார்க்கும் அப்படித்தான். சல்லடையாக நல்லது. சல்லடையில் நின்றவர்களை வரிசைப்படுத்தும் தராசாக மோசம். 0.25 மார்க் வித்தியாசத்தில் ஒருத்தியை உள்ளேயும் ஒருத்தியை வெளியேயும் நிறுத்துவதற்கு நிர்வாக வசதி தவிர வேறு காரணம் கிடையாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. தரவரிசைக்கு எண்ணப்படுவது அறிவியல் பாட மார்க். ஆங்கிலத்தில் தேர்ச்சி இருந்தால் போதும். ஆனால் சேர்ந்த அன்றிலிருந்து எல்லாம் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பிள்ளை, உயிரியலில் 98. முதல் இன்டர்னலில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை அச்சடித்த மாதிரி வரைந்திருந்தாள். மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு எல்லாம் மிகச் சரியான இடத்தில். பெயர் எழுத வேண்டிய கோடுகள் மட்டும் காலி. கூப்பிட்டுக் கேட்டால் தமிழில் கடகடவென்று ஒப்பித்தாள், ரத்தம் எந்த அறையிலிருந்து எங்கே போகிறது என்பது வரை. விடைத்தாளுக்கு விழுந்தது 11 மார்க். அதை வைத்து அவள் தேறமாட்டாள் என்று முடிவு கட்டியிருந்தால் தவறு எங்களுடையதாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்து முதல் வருடத்தில் தடுமாறுகிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இதுதான். ஆறு மாதத்தில் குணமாகிற வியாதி.

நுழைவுத் தேர்வு

எய்ம்ஸ் தனக்கென்று ஒரு தேர்வு வைக்கிறது. ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. படிப்புக்கு நீட் மதிப்பெண்ணை வைத்து முதலில் வடிகட்டி, பிறகு பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் கலந்த ஒரு கணினித் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று போகிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் 1947-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023-ம் ஆண்டு தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டமும் நாடு முழுக்க ஒரே சீரான சேர்க்கை என்றுதான் பேசுகிறது. ஆக இந்த விவாதம் நம் வாசலுக்கும் வரும்.

வெவ்வேறு போர்டில் படித்தவர்களை ஒரே அளவுகோலில் நிறுத்துவது பொதுத் தேர்வின் பலம். ஆனால் நர்சிங்குக்கு நீட்டைப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு மனக்குறை. டாக்டர் சீட்டுக்காக வடிவமைத்த தேர்வில் நன்றாக மார்க் வாங்கிய பிள்ளை, எம்.பி.பி.எஸ். கிடைக்காத வருத்தத்தோடு நம்மிடம் வருகிறது. ஹாஸ்டல் கட்டிலுக்கடியில் நீட் புத்தகக் கட்டு. அடுத்த மே மாதம் மறுபடி எழுதும். கிடைத்தால் போய்விடும். அந்த இடம் நாலு வருடத்துக்குக் காலி. 'பாதியில் விடாதவர்' என்பது நம் அளவுகோலானால், அந்தத் தேர்வில் அதிக மார்க் எடுத்தவர்தான் ஆபத்தான விண்ணப்பதாரர்!

அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் பல பயன்படுத்தும் டீஸ் தேர்வை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாசித்துப் புரிந்துகொள்ளுதல், கணக்கு, அறிவியல், ஆங்கில மொழிப் பயன்பாடு என்று நாலே பகுதி. அறிவியலுக்குக் கொடுக்கும் மரியாதையை வாசிப்புக்கும் கணக்குக்கும் கொடுக்கிறார்கள். ஒரு மருந்துச் சீட்டைப் படித்து, அளவு கணக்குப் போடத் தெரியாதவள் மற்றதில் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிரயோஜனமில்லை என்கிற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே எண்ணத்தில் நாங்கள் ஒரு கணக்கை எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தோம். 500 மி.லி. சலைன், 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும், அந்தச் சொட்டுக் குழாய் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? பிளஸ் டூ பிள்ளைக்கு இது பெரிய கணக்கே இல்லை. 10,000 சொட்டு, 480 நிமிஷம், ஆக 21 சொட்டு. இயற்பியலில் 95 வாங்கிய ஒருத்தி 1,250 என்று எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டு, பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மணிக்கணக்கை நிமிஷமாக மாற்றவில்லை, அவ்வளவுதான். இன்னொருத்தி புள்ளியைத் தவறவிட்டு 208 என்று எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, "மேடம், ஒரு நிமிஷத்துல 208 சொட்டுன்னா அதை எப்படி எண்றது?" என்றாள். ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான் போட வேண்டும். நான் ரெண்டாவது பெண்ணின் பேரை ஓரத்தில் குறித்துக்கொண்டேன். தன் விடையைப் பார்த்துத் தானே சந்தேகப்படுகிற பிள்ளை வார்டில் மருந்து தப்பாகக் கொடுப்பது அபூர்வம். இந்தச் சந்தேகத்தை ஓஎம்ஆர் தாளில் அளக்க முடியாது.

ஐந்து நிமிஷ நேர்காணல்

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, வெளியே அப்பாவோ மாமாவோ ஃபைலோடு. "ஏம்மா நர்சிங் எடுத்தே?" "சேவை பண்ணணும்னு ஆசை மேடம்." நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பேர் இதைத்தான் சொல்வார்கள், மீதிப்பேர் அன்னை தெரசாவையும் சேர்த்துக்கொள்வார்கள். இதில் என்ன தெரிந்துவிடும்?

எங்கள் மூத்த பேராசிரியை உண்மையிலேயே நல்ல டீச்சர். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த பிள்ளைகளைப் பார்த்தால் எல்லாரும் கொஞ்சம் அவரைப் போலவே இருப்பார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தெளிவான பேச்சு, கண்ணைப் பார்த்து பதில். நானும் யோக்கியம் இல்லை. என் ஊர்ப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கும் மனசு இளகும். ஒருவர் மேல் முதல் நிமிஷத்தில் வருகிற அபிப்பிராயம் மீதி நாலு நிமிஷத்துக்கும் சாயம் பூசிவிடுகிறது. யாரைக் கேட்டாலும் "என் கணிப்பு தப்பினதே இல்லை" என்பார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிள்ளை வேறெங்கோ தங்க மெடல் வாங்கியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வேலைக்கு மட்டும் பழைய நேர்காணல் உதவும். பிள்ளை தானாக வந்ததா, தள்ளிக்கொண்டு வரப்பட்டதா என்று பார்க்க. அதற்கும் பெற்றோரை வெளியே உட்காரவைத்தால்தான்.

பல மேசை நேர்காணல்

கனடாவில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெவின் ஈவாவும் கூட்டாளிகளும் 2004-ல் வெளியிட்ட யோசனை இது. மருத்துவ மாணவர்களுக்காக உண்டாக்கினார்கள், பிறகு நர்சிங்குக்கும் பரவியது. ஒரே நீண்ட நேர்காணலுக்குப் பதில் பத்து சிறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலை, ஒரு மதிப்பீட்டாளர், சில நிமிஷம். மணி அடித்ததும் அடுத்த அறை. முதல் மேசையில் சொதப்பினாலும் ரெண்டாவது மேசைக்காரருக்கு அது தெரியாது. ஒருவரின் சாய்வு பத்தில் ஒரு பங்காகக் கரைந்துவிடும். நம் நர்சிங் கல்லூரிகளில் ஆஸ்கி முறையில் (மேசை மேசையாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டும் தேர்வு) பிராக்டிகல் வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அதே சட்டையைச் சேர்க்கைக்குப் போட்டிருக்கிறார்கள்.

மேலே சொன்ன விதைநெல் சிக்கலுக்கும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். இந்த முறையில் தேறியவர்களோடு, தேறாமல் வேறு கல்லூரிகளில் சேர்ந்து படித்தவர்களையும் தேடி எடுத்து, நாட்டளவிலான உரிமத் தேர்வில் ரெண்டு தரப்பும் எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். தேறியவர்களே மேலே நின்றார்கள். தூக்கி எறிந்த நெல்லையும் விதைத்துப் பார்த்த மாதிரி. பழைய நேர்காணலை ஆதரிப்பவர்கள் யாரும் இப்படித் தங்களைச் சோதித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் இதற்கு வேறொரு வேகம் கிடைத்தது. ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வயதான நோயாளிகள் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், நனைந்த படுக்கையிலேயே கிடந்த விவகாரத்தை விசாரித்து ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பின், நர்சிங் மாணவர்களை மார்க்கோடு மனப்பாங்கையும் பார்த்தே எடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். சரிதான். ஆனால் அந்த அறிக்கையே ஆள்குறைப்பையும், செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்த நிர்வாகத்தையும் குற்றம் சொல்கிறது. கருணையோடு உள்ளே வந்த பிள்ளையை 40 படுக்கைக்கு ஒருத்தியாக நிற்க வைத்தால் கருணை எத்தனை நாள் தாங்கும்? சேர்க்கைக் குழுவால் சரிசெய்ய முடியாத விஷயம் அது. சேர்க்கைக் குழுவின் தலையில் கட்டவும் கூடாது.

செலவு என்று பயமுறுத்துவார்கள். நாங்கள் கணக்குப் போட்டோம். பத்து நிலையம் நமக்குக் கட்டுப்படியாகாது, ஆறு போதும். ஒன்றுக்கு 5 நிமிஷம், மாற 1 நிமிஷம். ஒரு சுற்று 36 நிமிஷம், அதில் ஆறு பேர். 120 பேருக்கு 20 சுற்று, 12 மணி நேரம். ரெண்டு வரிசையாக ஓட்டினால் 6 மணி நேரம். ஒரு நாள், 12 மதிப்பீட்டாளர்கள், மதியச் சாப்பாடு. நர்சிங் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கும் விளக்கேற்றும் விழாவுக்கு ஷாமியானா போடுகிற செலவுகூட இல்லை.

ஒரு நிலையத்தை மட்டும் சொல்கிறேன். அறையில் ஒரு கட்டில், அதில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. மேசையில் ஒரு தட்டு இட்லி, ஒரு தம்ளர் தண்ணீர். கதவில் ஒட்டிய சீட்டில்: 'இந்தப் பாட்டி காலையிலிருந்து சாப்பிடவில்லை. உங்களுக்கு ஐந்து நிமிஷம்.' அந்த அம்மாவிடம் நாங்கள் சொன்னது ரெண்டே விஷயம். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், பல் செட் போடவில்லை என்பதைத் தானாகச் சொல்லக்கூடாது. முக்கால்வாசிப் பேர் "சாப்பிட்டாத்தான் பாட்டி உடம்பு தேறும்" என்று பிரசங்கம் செய்தார்கள். சிலர் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பையன் நின்ற இடத்திலேயே மூன்று நிமிஷம் நின்றான், எங்களுக்கே பாவமாக இருந்தது. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வலிக்குதா பாட்டி, மெல்ல முடியலையா?" என்று கேட்டான். இட்லியைத் தண்ணீரில் நனைத்துக் குழைத்துத் தரட்டுமா என்றான். அவனுடைய கட்-ஆஃப், பட்டியலில் 80-க்கும் கீழே இருந்தது.

அந்த அம்மாவையும் மார்க் போடச் சொன்னோம். இங்கிலாந்தில் சேர்க்கையின்போது நோயாளிகளின் தரப்பையும் கலந்துகொள்ள வேண்டும் என்று விதியே வைத்தார்கள். நாங்கள் விதிக்காகச் செய்யவில்லை, அவர் முப்பது வருடமாக எத்தனை நர்ஸ்களைப் பார்த்தவர்!

இந்த முறைக்குக் குறை இல்லையா? இருக்கிறது. கேள்விகள் வெளியே கசியும், ஆகவே வருஷத்துக்கு வருஷம் மாற்ற வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் போதாது. மதிப்பீட்டாளர்களுக்கு முதல் நாள் பழக்கிக் கொடுக்காவிட்டால், பழைய நேர்காணலே ஆறு அறைகளில் நடக்கும்.

சுருக்கமாக முடிக்கலாம் என்பவை

உணர்ச்சி நுண்ணறிவு, ஆளுமை என்று வினாத்தாள்கள் விற்கிறார்கள். 'பிறர் துன்பம் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்: ஆம் / இல்லை.' சீட் வேண்டும் என்று வந்தவள் இல்லை என்றா எழுதுவாள்? ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சேர்க்கைக்கு வேண்டாம்.

குலுக்கல் ஒன்று இருக்கிறது. சிரிக்காதீர்கள், நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்குப் பல ஆண்டுகள் மார்க்குக்குத் தக்க வாய்ப்பு கொடுத்துக் குலுக்கினார்கள். நடுவில் கைவிட்டுவிட்டு இப்போது மறுபடி அனுமதித்திருக்கிறார்கள். சல்லடையைத் தாண்டியவர்களுக்குள் கால் மார்க் வித்தியாசத்தைவிட அது நேர்மையானது என்று எனக்கும் தோன்றும். ஆனால் நம் ஊரில் சீட்டுக் குலுக்கிச் சேர்த்தோம் என்று சொன்னால், டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்பார்கள்.

சேர்ந்த பிறகு நடக்கிற தேர்வு

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் நர்சிங் பள்ளி தொடங்கியபோது, சேர்ந்தவர்களை 'புரொபேஷனர்', அதாவது சோதனைக் காலத்தில் இருப்பவர், என்றுதான் அழைத்தார்கள். மேட்ரன் (தலைமை நர்ஸ்) திருமதி வார்ட்ரோப்பர் மாதாமாதம் ஒவ்வொருத்திக்கும் ஒரு தாள் எழுதினார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம், வார்டை ஒழுங்காக வைத்திருத்தல் என்று தலைப்புகள். கட்டுப்பெட்டித்தனம் நிறைய இருந்த காலம், அதை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். வாசலில் ஐந்து நிமிஷம் பார்த்து ஆளை அளந்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நமக்கும் அந்த வசதி இருக்கிறது. இப்போதைய பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலம், அனாட்டமி, பிசியாலஜி, சமூகவியல், உளவியல், நர்சிங் ஃபவுண்டேஷன் எல்லாம் வந்துவிடுகின்றன. முதல் பன்னிரண்டு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிடுகிற அளவு எந்த நுழைவுத் தேர்வும் சொல்லாது. முதல் இன்டர்னல் மார்க். திங்கட்கிழமை லீவ். வருகை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே தொடங்கிவிடுகிற வயிற்றுவலிகள். மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை. முதன்முதலாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்து மயங்கி விழுந்த பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள். அது பயப்படும்படி எதுவும் சொல்வதில்லை. நானே விழுந்திருக்கிறேன்.

ஆனால் இங்கே நைட்டிங்கேல் மாதிரி வீட்டுக்கு அனுப்ப முடியாது. சான்றிதழ் எல்லாம் வாங்கி, பணம் கட்டி, ஊரெல்லாம் சொல்லி வந்த பிள்ளை. ஆகவே இந்தக் கவனிப்பு கழிப்பதற்காக இல்லாமல் தாங்குவதற்காக இருக்க வேண்டும். இடம் ஒன்றைக் காப்பாற்ற மிக மலிவான வழியும் அதுதான்.

கடைசியில் நான் சொன்னதும் அவர்கள் ஏற்றதும் இது. கட்-ஆஃப் மார்க்கைச் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்வது. தகுதி விதி அப்படியே இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஆங்கில வாசிப்பும் மருந்துக் கணக்கும், மார்க் வரிசைக்கு அல்ல, யாருக்குச் சேர்ந்த வாரத்திலிருந்தே சாயங்கால வகுப்பு வேண்டும் என்று தெரிந்துகொள்ள. ஆறு நிலையம். அந்த மார்க்கில் மேலிருந்து 20 பேர். நீட் மறுபடி எழுதப்போகிறாயா என்று நேராகக் கேட்பது, ஆமாம் என்று உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்காமல். மூத்த பேராசிரியைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவரையே ஒரு நிலையத்தில் உட்காரவைத்தோம், சாயங்காலம் "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இன்னும் ஒன்று கேட்டேன், அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஆறு நிலைய மார்க்கையும் பிளஸ் டூ மார்க்கையும் ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்துவிட வேண்டும். வகுப்பு எடுப்பவர்கள் யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தால், நிலையத்தில் நன்றாகச் செய்தவளை வார்டிலும் நன்றாகச் செய்கிறாள் என்றே பார்ப்போம். நாலாவது வருடம் முடிந்து, அரியர் பட்டியலும் வார்டு சிஸ்டர்கள் எழுதிய குறிப்பும் கையில் வந்த பிறகு பிரித்து ஒப்பிட வேண்டும். இட்லியைக் குழைத்துத் தரவா என்று கேட்ட பையன் இப்போது ஐந்தாவது செமஸ்டர். பிசியாலஜி ஒருமுறை போய், மறுபடி எழுதித் தேறினான். கவர் பிரின்சிபால் அறைப் பீரோவில் இருக்கிறது.